‘சந்தேகம் இருக்கா?’ என்று கேட்பதை நிறுத்துங்கள்

இந்த முறை, கல்லூரிப் பாடங்களை இணையவழியில் நடத்தும் ஆசிரியர்களின் கேள்விகள். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்ததால் சிலவற்றைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம்.

கே: வகுப்பில் 60 பேர். அறுபதும் கறுப்புக் கட்டம். "சந்தேகம் இருக்கா?" என்று கேட்டால் மூச்சுப் பேச்சில்லை. கேமரா போட்டே ஆகவேண்டும் என்று கட்டாயப்படுத்தலாமா?

ப: வேண்டாம். கட்டாயப்படுத்தினால் முகம் கிடைக்கும், கவனம் கிடைக்காது. ஒரே அறையைக் குடும்பமே பங்குபோட்டுக்கொள்ளும் வீட்டிலிருந்து சேர்பவருக்கு, கேமராவைப் போடுவது வீட்டைத் திறந்து காட்டுவதற்குச் சமம். டேட்டா கணக்கும் இருக்கிறது. குரல் மட்டும் என்றால் நொடிக்கு 80 கிலோபிட், மணிக்குச் சுமார் 36 எம்பி. சுமாரான தரத்தில் வீடியோ என்றால் நொடிக்கு 600 கிலோபிட், மணிக்கு 270 எம்பி. ஒரு நாளில் நான்கு வகுப்பு இருந்தால் வித்தியாசத்தைப் பெருக்கிப் பாருங்கள். வீடியோ சந்திப்பு ஏன் களைப்பூட்டுகிறது என்று ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜெரமி பெய்லன்சன் 2021இல் நான்கு காரணம் சொன்னார். எல்லா முகங்களும் மிக நெருக்கத்தில் உற்றுப் பார்ப்பது, தன் முகத்தைத் தானே பார்த்துக்கொண்டிருப்பது, அசையாமல் உட்கார வேண்டியிருப்பது, சைகைகளைப் புரிந்துகொள்ள மூளை கூடுதலாக உழைப்பது. ஒரு மணி நேரப் பாடத்துக்கு இது நல்ல சூழல் அல்ல.

கோளாறு கேமராவில் இல்லை, கேள்வியில் இருக்கிறது. "சந்தேகம் இருக்கா?" என்பதற்குப் பதில் சொல்ல, ‘எனக்குப் புரியவில்லை’ என்று 59 பேர் முன்னால் ஒத்துக்கொள்ள வேண்டும். யார் செய்வார்கள்? அதற்குப் பதிலாக, திரையில் இரண்டு வரிகளை வைத்து, "ஒன்று தவறு. 1ஆ 2ஆ? சாட்டில் எண்ணைத் தட்டி வையுங்கள், நான் சொல்லும்வரை அனுப்பாதீர்கள்" என்று சொல்லுங்கள். 40 விநாடி கழித்து "இப்போது அனுப்புங்கள்." எல்லோரையும் நிறுத்தி வைப்பதற்குக் காரணம் உண்டு. நன்றாகப் படிக்கும் ஒருவர் முதலில் அனுப்பிவிட்டால், அடுத்த 30 பேர் அதையே நகலெடுப்பார்கள். ஒரே நேரத்தில் கொட்டும்போது பாதிப் பேர் தவறாகச் சொல்லியிருப்பது எல்லோர் கண்ணிலும் படும். தான் மட்டும் தவறு செய்யவில்லை என்று தெரிந்த பிறகுதான் வாய் திறக்கும்.

காத்திருக்கும் நேரத்தையும் கவனியுங்கள். கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள், மூன்று விநாடி காத்திருந்தால் பதில்கள் நீளமாகின்றன, புதிய ஆட்கள் பேசுகிறார்கள் என்று கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோவ் 1970களில் காட்டினார். அது நேர் வகுப்புக்கு. இணையத்தில் சத்தம் வந்து சேரும் தாமதம், மியூட்டை எடுக்கும் நேரம் எல்லாம் சேர்த்து 8 முதல் 10 விநாடி மனதுக்குள் எண்ணுங்கள். இடையில் கேள்வியை வேறு வார்த்தையில் திருப்பிக் கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் யோசித்துக்கொண்டிருந்தவர் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

பதிலைப் படிப்படியாகக் கேளுங்கள்: முதல் வாரம் ஓர் எண், இரண்டாம் வாரம் ஒரு சொல், மூன்றாம் வாரம் ஒரு வாக்கியம், நான்காம் வாரத்திலிருந்து சிறு அறைகளில் (வகுப்பைக் குழுக்களாகப் பிரித்து அனுப்பும் பிரேக்அவுட் அறைகள்) குரல். முதல் நாளே "ஒவ்வொருவராக மைக்கை ஆன் பண்ணிப் பேசுங்கள்" என்று ஆரம்பித்த வகுப்புகள் பெரும்பாலும் மூன்றாம் வாரத்தில் ஊமையாகிவிடும்.

கே: பிரேக்அவுட் அறைகளுக்கு அனுப்பினால் அங்கேயும் மௌனம்தான். நான் உள்ளே போனதும்தான் பேசுவதுபோல் நடிக்கிறார்கள்.

ப: அறைக்கு நான்கு பேர். இரண்டு பேர் என்றால் ஒருவருக்கு நெட் போனதும் மற்றவர் தனியாக விழித்துக்கொண்டிருப்பார். ஆறு பேர் என்றால் இருவர் ஒளிந்துகொள்வார்கள். நேரம் குறைந்தது 10 நிமிடம், ஏனென்றால் முதல் இரண்டு நிமிடம் நுழைவதிலும் ‘நீ சொல்லு, நீ சொல்லு’விலுமே போய்விடும். "பெயர் அகரவரிசையில் முதலில் வருபவர் எழுதுவார், கடைசியில் வருபவர் வந்து சொல்வார்" என்று முன்பே சொல்லிவிட்டால் அந்த இரண்டு நிமிடமும் மிச்சம்.

பலர் மறப்பது ஒன்று உண்டு. நீங்கள் பிரதான அறையில் பகிர்ந்த ஸ்லைடு, சிறு அறைக்குப் போனதும் மாணவர் திரையிலிருந்து மறைந்துவிடும். என்ன செய்யச் சொன்னீர்கள் என்பதே யாருக்கும் நினைவிருக்காது. எல்லோரும் எழுதக்கூடிய கூகுள் டாக் ஒன்றில் அறைக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, பணியை அதன் தலையிலேயே எழுதி, இணைப்பைப் பிரிப்பதற்கு முன் சாட்டில் போடுங்கள். அதற்குப் பிறகு நீங்கள் அறை அறையாக ஏறி இறங்க வேண்டியதில்லை. டாக்கில் எந்தப் பக்கம் காலியாக இருக்கிறதோ அந்த அறைக்கு மட்டும் போனால் போதும்.

ஐந்தாறு வாரத்துக்கு அதே நால்வர் அதே அறையில் இருக்கட்டும். ஒவ்வொரு முறையும் குலுக்கிப் போட்டால் பருவம் முழுக்க அறிமுகம் செய்துகொண்டே இருப்பார்கள்.

கே: மூடுளில் (பாடங்களை இணையத்தில் நடத்த உதவும் மென்பொருள்) விவாதப் பகுதி வைத்திருக்கிறேன். வாரம் ஒரு பதிவு, இரண்டு மறுமொழி கட்டாயம், மதிப்பெண்ணும் உண்டு. வருவதெல்லாம் "அருமையான கருத்து, நானும் உடன்படுகிறேன்." ஞாயிறு இரவு 11:50க்கு.

ப: கேட்டது கிடைத்திருக்கிறது. எண்ணிக்கை கேட்டீர்கள், எண்ணிக்கை வந்தது. ஒரே பாடப் பக்கத்தைப் படித்துவிட்டு ஒரே கேள்விக்கு 60 பேர் பதில் எழுதினால், மூன்றாவது ஆளுக்கே சொல்ல ஒன்றும் மிச்சமிருக்காது. அவர் உடன்படாமல் வேறு என்ன செய்வார்?

ஆளுக்கொரு துண்டு கொடுங்கள். உளவியலாளர் எலியட் ஆரன்சன் 1971இல் உருவாக்கிய ஜிக்சா முறையின் அடிப்படை இதுதான்: மற்றவரிடம் இருப்பது எனக்குத் தேவைப்படவேண்டும். ஒரு நிறுவனத்தின் நான்கு ஆண்டுக் கணக்குகளை நால்வருக்குப் பிரித்துக் கொடுத்து, "லாபம் எந்த ஆண்டில், ஏன் சரிந்தது?" என்று கேளுங்கள். ஒருவர் எழுதாவிட்டால் மற்ற மூவரால் முடிக்க முடியாது. அப்போது நினைவூட்டல் செய்தியை நீங்கள் அனுப்ப வேண்டியதில்லை, அந்த மூவரே அனுப்புவார்கள்.

அமைப்பில் மூன்று திருத்தம். ஒன்று, 60 பேரை ஒரே இழையில் (தொடர் உரையாடலில்) விடாமல் 8 முதல் 10 பேர் கொண்ட குழுக்களாக உடையுங்கள். இரண்டு, கெடுவை இரண்டாகப் பிரியுங்கள்: சொந்தப் பதிவு புதன், மறுமொழி ஞாயிறு. ஒரே கெடு என்றால் எல்லோரும் எழுதிவிட்டுப் போய்விடுவார்கள், மறுமொழி எழுதப் பதிவே இருக்காது. மூன்று, மூடுளில் விவாத வகையைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் ‘கேள்வி–பதில்’ வகை ஒன்று இருக்கிறது. தான் பதிவிடும்வரை மற்றவர்கள் எழுதியதை மாணவர் பார்க்க முடியாது. பதிவிட்ட பிறகும் திருத்த அவகாசம் முடியவேண்டும், பொதுவாக 30 நிமிடம். இதை முன்பே சொல்லிவைக்காவிட்டால் "சார், எதுவும் தெரியலையே" என்று உங்களுக்கு அழைப்பு வரும்.

மறுமொழிக்கு ஒரே விதி போதும்: பதிவிலிருந்து ஒரு வாக்கியத்தை எடுத்துக் காட்டி, அது எந்த நிலையில் பொய்யாகும் என்று எழுத வேண்டும். "அருமை" என்பதற்கு அங்கே இடமே இல்லை.

கே: நான் கணிதம். சமூகம், உறவாடல் எல்லாம் மொழிப்பாட ஆசிரியர்களுக்குச் சரி. தொகையீட்டில் என்ன விவாதம் செய்வது?

ப: விவாதத்துக்கு மிகவும் தோதான பாடமே உங்களுடையதுதான். அங்கேதான் ஒருவர் சொல்வது சரி, மற்றவர் சொல்வது தவறு என்று முடிவாகும்.

ஹார்வர்டில் இயற்பியல் நடத்திய எரிக் மசூர் 1990களில் பரப்பிய முறையை எடுத்துக்கொள்ளுங்கள். கருத்தைச் சோதிக்கும் ஒரு பலவிடைக் கேள்வி. கணக்கிட வேண்டியிருக்கக் கூடாது. எல்லோரும் தனித்தனியே வாக்களிக்க வேண்டும், முடிவை நீங்கள் காட்டக் கூடாது. சரியான விடை ஏறத்தாழ 30 முதல் 70 சதவீதத்துக்குள் வந்தால் சிறு அறைகளுக்கு அனுப்பி, "உன் விடையை மற்றவரை ஏற்கவை" என்று மூன்று நான்கு நிமிடம் கொடுத்துவிட்டு மறுபடி வாக்கு. 30க்குக் கீழே என்றால் விவாதத்தில் பயனில்லை, தவறுதான் பரவும். மறுபடி நடத்துங்கள். 70க்கு மேல் என்றால் ஒரு வரியில் விளக்கிவிட்டு நகருங்கள். பெரும்பாலானவர்கள் செய்யும் பிழை, முதல் வாக்கின் பட்டை வரைபடத்தைத் திரையில் காட்டிவிடுவது. அதைப் பார்த்ததும் பெரும்பான்மைப் பக்கம் எல்லோரும் சாய்ந்துவிடுவார்கள். கருவியின் வாக்கெடுப்பு அமைப்பில் ‘முடிவைப் பகிர்’ என்பது தானாக நடக்காதபடி இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

கே: மாணவர்கள் தங்களுக்குள் வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறார்கள். நானும் சேர்ந்தால் நெருக்கம் கூடுமா?

ப: சேர வேண்டாம். நீங்கள் நுழைந்த மறுநாள் இன்னொரு குழு தொடங்கும். அது அவர்களுடைய திண்ணை, இருக்கட்டும். அறிவிப்புக்கு வேண்டுமானால் தனியாக ஒன்று தொடங்கி, நிர்வாகி மட்டும் எழுதும்படி வையுங்கள். சாதாரணக் குழு என்றால், நிர்வாகி மட்டும் எழுதினாலும், ஒவ்வொருவர் எண்ணும் மற்ற எல்லோருக்கும் தெரியும், மாணவிகளுக்கு அதன் தொல்லை தனி. கேட்காமல் யாரையும் சேர்க்காதீர்கள். பாடம் சம்பந்தமான விதி, கெடு, மதிப்பெண் எதுவும் வாட்ஸ்அப்பில் மட்டும் இருக்கக் கூடாது. அங்கே இல்லாதவர் ஒருவர் நிச்சயம் இருப்பார்.

கே: ஐந்து ஆண்டுகளாக இணையவழியில் நடத்துகிறேன். பருவ இறுதிக் கருத்துப் படிவத்தில் 5க்கு 4.5க்குக் குறைந்ததில்லை. ஆனால் உண்மையில் வளர்ந்திருக்கிறேனா, ஒரே ஆண்டை ஐந்து முறை நடத்தியிருக்கிறேனா என்று தெரியவில்லை. எதை வைத்துப் பார்ப்பது?

ப: நல்ல கேள்வி. அந்த 4.5ஐ முதலில் ஓரமாக வையுங்கள். ஆஸ்திரேலியாவின் ஸ்வின்பர்ன் பல்கலைக்கழகத்தின் இணையவழி வானியல் பாடங்களில் மட்சோலினியும் மேடிசனும் செய்த ஆய்வு 2003இல் வெளிவந்தது. விவாதத்தில் அடிக்கடி பதில் எழுதிய ஆசிரியர்களை மாணவர்கள் ஆர்வமுள்ளவர், விஷயம் தெரிந்தவர் என்று உயர்வாக மதிப்பிட்டார்கள். அதே ஆசிரியர்களின் வகுப்பில் மாணவர் பதிவுகள் குறைந்திருந்தன, இழைகளும் குட்டையாக இருந்தன. அதாவது, ஆசிரியரை நோக்கி வகுப்பு நன்றாகத் திரும்பியிருந்தது, ஒருவரை ஒருவர் நோக்கித் திரும்பவில்லை. கருத்துப் படிவம் முதலாவதை அளக்கும். இரண்டாவதை நீங்களேதான் அளக்க வேண்டும்.

ஒரு தாளும் பேனாவும் போதும். நான்காம், எட்டாம், பன்னிரண்டாம் வாரங்களில் வாரத்துக்கொரு விவாத இழையை எடுத்து, பங்கேற்றவர் பெயர்களை வட்டமாக எழுதுங்கள். உங்கள் பெயரும் அந்த வட்டத்தில்தான். யார் யாருக்குப் பதில் எழுதினார்களோ அங்கே ஓர் அம்புக்குறி. எல்லா அம்பும் உங்களிடம் வந்து உங்களிடமிருந்தே போனால், அது ஜன்னல் முன் நிற்கும் வரிசை. மாணவர்–மாணவர் அம்புகள் மொத்தத்தில் எத்தனை பங்கு என்று குறித்துக்கொள்ளுங்கள். நான்காம் வாரத்தில் கால்வாசி இருந்து பன்னிரண்டில் பாதியைத் தாண்டினால் வகுப்பு சேர்ந்திருக்கிறது. அதைவிட முக்கியமானது, யாருடைய பெயருக்கு ஓர் அம்பும் வரவில்லை என்பது. எழுதாதவர்களைக் கருவியே பட்டியல் போட்டுத் தரும். எழுதியும் பதில் கிடைக்காதவர்களைப் பெரும்பாலான கருவிகள் காட்டாது, அவர்கள்தான் அடுத்து மறைவார்கள்.

இரண்டாவது, மாதம் ஒரு முறை உங்கள் ரெக்கார்டிங்கைப் பாருங்கள். முழுவதும் வேண்டாம், நடுவிலிருந்து 20 நிமிடம். தொடக்கத்தில் எல்லோருமே நன்றாக நடத்துவோம். நீங்கள் பேசியது எத்தனை நிமிடம், கேட்ட கேள்வி எத்தனை, ஒவ்வொன்றுக்கும் எத்தனை விநாடி விட்டீர்கள், எந்தெந்தப் பெயரைச் சொன்னீர்கள் என்று குறியுங்கள். கடைசியாகச் சொன்னது கொஞ்சம் சங்கடப்படுத்தும். ஐந்தே பெயர்கள் திரும்பத் திரும்ப வரும்.

மூன்றாவது, குறிப்பேடு. தொழில் செய்பவர் எப்படிச் சிந்திக்கிறார் என்பதை டொனால்ட் ஷோன் 1983இல் இரண்டாகப் பிரித்தார்: செய்துகொண்டிருக்கும்போதே திருத்திக்கொள்வது, செய்து முடித்தபின் திரும்பிப் பார்ப்பது. நேர் வகுப்பில் முதலாவது தானாக நடக்கும், முகம் சுருங்கினால் உதாரணத்தை மாற்றுவோம். இணையத்தில் முகமே இல்லை, அதனால் இரண்டாவதுதான் சுமையைத் தாங்க வேண்டும். வகுப்பு முடிந்ததும் வேறு எதையும் திறக்காமல் 10 நிமிடம், மூன்று வரி. எந்த நிமிடத்தில் வகுப்பு கைநழுவியது? எதிர்பாராத எதை யார் சொன்னார்? அடுத்த முறை எதை மாற்றுவேன்? மூன்றாம் வரி ஒரு செயலாக இருக்க வேண்டும். "இன்னும் ஈர்ப்பாக நடத்த வேண்டும்" என்று எழுதுவதில் பயனில்லை. "இரண்டாவது உதாரணத்தை முதலில் வைக்கணும்" என்றால் அடுத்த ஆண்டு அதை எடுத்து அப்படியே செய்யலாம்.

நான்காவது மாணவர் கண். கல்வியாளர் ஸ்டீஃபன் புரூக்ஃபீல்டின் ஐந்து கேள்விகள் இதற்குத் தோதானவை: இந்த வாரம் எப்போது மிக ஈடுபாடாக இருந்தீர்கள், எப்போது மிக விலகியிருந்தீர்கள், யாருடைய எந்தச் செயல் உதவியது, எது குழப்பியது, எது வியக்கவைத்தது? ‘யாருடைய’ என்பதைக் கவனியுங்கள், சக மாணவரும் அதில் அடக்கம். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை, பெயரில்லாமல். கூகுள் ஃபார்ம் என்றால் மின்னஞ்சல் சேகரிப்பை அணைத்துவிட்டு, வேறொரு கணக்கிலிருந்து திறந்து ஒரு முறை சரிபாருங்கள். அடுத்த வகுப்பின் முதல் ஐந்து நிமிடத்தில் கணக்கு ஒப்புவியுங்கள்: "இப்படிச் சொன்னீர்கள். இதை மாற்றுகிறேன். அதை மாற்றமாட்டேன், காரணம் இது." சொல்லாமல் விட்டால் மூன்றாவது படிவத்துக்குப் பதில் வராது.

ஒரு பருவத்துக்கு ஒரு மாற்றம். நான்கைச் சேர்த்து மாற்றினால் எது பலித்தது என்று தெரியாது. ஒரு குழு சுறுசுறுப்பாக அமைந்துவிட்டாலும் ஏமாந்துபோவோம், எனவே இரண்டு பருவம் பார்த்துவிட்டே முடிவு கட்டுங்கள். இன்னொன்று, வளர்ச்சி என்றாலே எதையாவது சேர்ப்பது என்று நினைப்பவர்கள் நம்மில் அதிகம். ஐந்தாம் ஆண்டில் நீங்கள் எடுத்துப்போட்ட செயலிகள், ஸ்லைடுகள், வாராந்திரச் சோதனைகளின் பட்டியல், சேர்த்தவற்றின் பட்டியலைவிட நீளமாக இருந்தால் அது நல்ல அறிகுறி.

கே: என் பாடம் முழுக்கப் பதிவு செய்த வீடியோதான். நேரலையே கிடையாது. இதில் சமூகம் எங்கிருந்து வரும்?

ப: வரும், மெதுவாக. கல்வியாளர் மைக்கேல் மூர் 1989இல் தொலைநிலைக் கல்வியில் மூன்று உறவைச் சொன்னார்: மாணவர்–பாடம், மாணவர்–ஆசிரியர், மாணவர்–மாணவர். வீடியோ முதலாவதை மட்டும் பார்த்துக்கொள்கிறது. அதிலும் நீளம் குறைவு நல்லது. எட்எக்ஸ் என்ற இணையப் பாடத் தளத்தில் 69 லட்சம் பார்வை அமர்வுகளை அலசிய 2014 ஆய்வில், வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும் மாணவர்கள் ஈடுபாட்டோடு பார்ப்பது ஏறத்தாழ 6 நிமிடத்தோடு நின்றது. 50 நிமிட விரிவுரையை ஏழெட்டுத் துண்டாக்குங்கள். அதோடு, வாரம் இருமுறை கைபேசியிலேயே எடுத்த இரண்டு நிமிடப் பேச்சு: "இந்த வாரம் மூன்றாம் குழு கேட்டது இது, ஐந்தாம் குழு சொன்ன விடையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்." ஒளி, ஒலி சுமாராக இருந்தாலும் இன்றைய தேதியில் இன்னார் கேட்டதற்கு வந்த பதில் அது என்று தெரிய வேண்டும். எப்போது வேண்டுமானாலும் முடிக்கலாம் என்று எல்லாவற்றையும் முதல் நாளே திறந்து வைக்காதீர்கள். 15 பேர் 15 வெவ்வேறு அத்தியாயத்தில் இருந்தால் பேசிக்கொள்ள ஒன்றுமில்லை. வாரம் ஒன்றாகத் திறங்கள்.

கே: ஒவ்வொரு பதிவுக்கும் பதில் எழுதி முடிக்க இரவு 12 ஆகிறது.

ப: 60 பதிவு, ஒன்றுக்கு மூன்று நிமிடம், மூன்று மணி நேரம். வாராவாரம் இது தாங்காது. மேலே சொன்ன ஸ்வின்பர்ன் ஆய்வின்படி அவசியமும் இல்லை. வாரத்துக்கு 12 பேர், முறைவைத்து. ஐந்து வாரத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு முறை உங்கள் முழுப் பதில் கிடைத்துவிடும். இதை முதல் வாரமே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் பதில் வராதவர் புறக்கணிப்பு என்று எடுத்துக்கொள்வார். மீதிக்கு, ஞாயிறு முடிந்ததும் ஒரே ஒரு தொகுப்புப் பதிவு, 200 சொல்லுக்குள்: நாலைந்து பேர் வாக்கியத்தைப் பெயரோடு எடுத்துக் காட்டி, முடிவாகாத ஒரு கேள்வியை வகுப்பிடமே விடுங்கள். கேள்வி வந்தால் 24 மணி நேரம் பதில் எழுதாமல் பொறுங்கள், வேறு மாணவர் எழுதட்டும். தவறான பதில் பரவுகிறது என்றால் மட்டும் உடனே நுழையுங்கள்.

கே: மூன்றாம் வாரத்தில் சிலர் காணாமல் போகிறார்கள். என்ன எழுதி அழைப்பது?

ப: மூன்றாம் வாரம்வரை விடாதீர்கள். 7ஆம் நாளும் 14ஆம் நாளும் கடைசியாக உள்நுழைந்த தேதியைப் பாருங்கள். ஏழு நாள் நுழையாதவருக்கு அன்றே தனிச் செய்தி. "ஏன் வரவில்லை?" என்று கேட்டால் அவர் காரணம் தயாரிக்க வேண்டும், அதற்குப் பயந்தே இன்னும் ஒதுங்குவார். இப்படி எழுதலாம்:

"வணக்கம். இந்த வாரம் உங்களைப் பார்க்கவில்லை. விட்டதெல்லாம் சேர்த்துப் படிக்க வேண்டாம். இரண்டாம் வாரத்தின் முதல் வீடியோவை மட்டும் பார்த்துவிட்டு, அதற்கடியில் ஒரு வரி எழுதுங்கள். வெள்ளிக்குள் முடியுமா? முடியாது என்றாலும் ‘முடியாது’ என்று ஒரு சொல் அனுப்புங்கள், வேறு வழி பார்க்கலாம்."

அவருடைய நால்வர் குழுவில் யாராவது ஒருவர் ஏற்கெனவே அழைத்திருக்கிறார்களா என்று முதலில் கேளுங்கள். அழைத்திருந்தால் உங்கள் செய்தியை ஒருநாள் தள்ளி அனுப்புங்கள்.